சபை மண்டபத்தில் எருமைகள்

முன்னொரு காலத்தில் நான்கு ராஜ்யங்கள் சேர்ந்து ஓர் ஆற்றுக்கு ஒப்பந்தம் போட்டன. அதைக் காக்க எல்லோருக்கும் மேலே ஒரு பொதுச்சபையையும் வைத்தன. அன்றே பிடித்தது சனி! ஆடி பிறக்காமல் அணை மதகைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அந்த வருஷமோ ஆனியிலேயே மழை கொட்டித் தீர்த்தது. அணைக்கு மேல்புறம் இருந்த நம் மன்னரின் நாட்டில் வயலெல்லாம் மூழ்கின. அவர் மதகைத் தொட்டால் மற்ற மூவரும் படையெடுப்பார்கள். விதியை மாற்றச் சபைதான் மனசு வைக்க வேண்டும். சபையோ கூடியது, சாப்பிட்டது, ஒத்திவைத்தது. அதுவும் நம் மன்னர் செலவில்!

விகடகவி சட்டைநாதன் மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த அமைச்சர் வித்தகராயர் மெல்ல எடுத்துக் கொடுத்தார். "நம்மையெல்லாம் ஆட்டி வைக்கும் விகடகவியால் சபையை அசைக்க முடியாதா, பிரபு?"

மன்னர் பிடித்துக்கொண்டார். "சட்டைநாதா! நாளைக்குள் சபை விதியை மாற்ற வேண்டும். யாரையும் மிரட்டக் கூடாது, ஒப்பந்தத்தையும் மீறக் கூடாது. தவறினால் உன்னை நாடு கடத்துவேன்."

சட்டைநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே தண்ணீரில் நிற்கிறது, இவர்களுக்கு இப்போதும் விளையாட்டு! தலையில் அடித்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் படித்தான். இத்தனை வருஷத்தில் சபை செய்த திருத்தம் ஒன்றே ஒன்று. ஆற்றங்கரையில்தான் கூட வேண்டும் என்பது பழைய விதி. கொசு கடித்ததாம். 'சபை கூடும் மண்டபமும் ஆற்றங்கரையே' என்று திருத்திவிட்டார்கள்.

"இதுக்கு மட்டும் ஒரே நாளில் கை தூக்கிட்டாங்களாக்கும்!" என்று பல்லைக் கடித்தான்.

மறுநாள் மன்னரும் வித்தகராயரும் உபசரிக்க, சபையார் இலையில் உட்கார்ந்த நேரம், மண்டபத்துக்குள் சேறும் சகதியுமாக எருமைகள் நுழைந்தன. பின்னாலேயே வீடு இழந்த ஊர்ச்சனம்.

"ஏய், நடங்கடி உள்ளே!" என்று ஓட்டி வந்தாள் வேம்பாயி.

"என்ன அக்கிரமம்! விரட்டுங்கள்!" என்று கத்தினார் சபைத்தலைவர்.

சட்டைநாதன் கும்பிட்டான். "வெள்ளம் வடியும்வரை ஊரார் ஆடுமாடுகளோடு ஆற்றங்கரையில் தங்கலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. இந்த மண்டபம் ஆற்றங்கரை என்று சொன்னது தாங்கள்தான், ஐயா."

"இது மீறல்!" என்று துள்ளினார் வித்தகராயர். எந்த விதியை மீறியது என்று கேட்டு ஒப்பந்தத்தை நீட்டினான் சட்டைநாதன். அதற்குள் ஓர் எருமை தலைவரின் பாயசத்தில் வாயை வைத்துவிட்டது. அவ்வளவுதான்! வெள்ளம் வந்தால் எந்த மாதமும் மதகைத் திறக்கலாம் என்று கை கழுவும் முன்பே முத்திரை விழுந்தது.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"மாலை எதற்கு, பிரபு? இவர்கள் நாற்றெல்லாம் அழுகிவிட்டது. விதைநெல் கொடுங்கள்."

"கொடுத்தேன்! களஞ்சியத்திலிருந்து மூட்டை தூக்க வித்தகராயரே போகட்டும்!" என்று மன்னர் மறுபடியும் சிரித்தார்.

வேம்பாயிக்குச் சிரிப்பு வரவில்லை. "சீக்கிரம் தூக்குங்க சாமி," என்றாள் அமைச்சரிடம். "இப்பவே நாத்து விடுற பட்டம் தப்பிப்போச்சு."