ஒன்பது கேமராவும் ஒரு குரூப் போட்டோவும்

ரெஜினாவுக்கு முப்பத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரிடம் கல்யாணப் படம் எடுக்கக் கற்றுக்கொண்ட உலகநாதனுக்கு ஐம்பத்து நான்கு. கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ரெஜினாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ரெஜினாவுக்கு அவர் அண்ணாச்சி.

ஒருநாள் உலகநாதன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இந்தத் தொழில் எனக்கு ஒத்துவராது போல."

"என்ன ஆச்சு?"

தென்காசியில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்திருக்கிறார். உலகநாதன் பட்டனை அழுத்தினார். கேமரா அப்படியே நின்றுவிட்டது. வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மிச்சத்தையெல்லாம் செல்போனில் எடுத்துச் சமாளித்தார். தாலி கட்டும் படம் மட்டும் இல்லை. பெண்ணின் அப்பா திட்டவில்லை. ஆல்பத்தை இரண்டு முறை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

"மதுரையில கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மூணு தடவை போயிட்டேன். நான் சரியா கையாளலையாம். இந்த மாடல்ல வேற யாருமே புகார் சொல்லலையாம். அவ்வளவு பெரிய கம்பெனி சொல்லுது. தப்பு என் கையிலதானா டீச்சர்?"

ரெஜினா போனை எடுத்து, போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏதோ எழுதினார்.

"செவ்வாய்க்கிழமை யாருக்கும் முகூர்த்தம் இருக்காது. மதுரைக்குப் போவோம். நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க."

சர்வீஸ் சென்டர் வாசலில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். விருதுநகர், தேனி, தூத்துக்குடி என்று ஆளுக்கொரு ஊர். எல்லார் கழுத்திலும் அதே மாடல். எல்லாமே நின்றுபோனவை.

"வேற யாருமே புகார் சொல்லலன்னு எங்கிட்டயும் சொன்னாங்க" என்றார் தேனிக்காரர். "வெளிய சொன்னா அசிங்கம்னு நான் மூச்சு விடல."

"நானும்தான்யா" என்றார் இன்னொருவர்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். ரெஜினா வணக்கம் சொன்னார்.

"சார், எல்லாரும் ஒண்ணா வந்திருக்கோம். நீங்களே ஒரு குரூப் போட்டோ எடுத்துக் குடுங்க."

உலகநாதன் தன் கேமராவை நீட்டினார். மேனேஜர் வாங்கி அழுத்தினார். அசையவில்லை.

"அப்போ என்னோடதுல எடுங்க சார்" என்றார் தேனிக்காரர்.

அதுவும் அசையவில்லை. மூன்றாவது. நான்காவது. வரிசையில் நின்றவர்கள் சிரித்த முகத்தை மாற்றவே இல்லை. ஒன்பதாவதைக் கையில் வாங்கும்போது மேனேஜருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் தன் செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்தார்.

"இதை நானே தலைமை ஆபீசுக்கு அனுப்புறேன் மேடம்."

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஷட்டரில் தயாரிப்புக் குறை என்று கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. மன்னிப்பும் கேட்டிருந்தது. ஒன்பது பேருக்கும் புதுக் கேமரா.

உலகநாதன் ஒரு கையில் கடிதமும் மறு கையில் அல்வாவுமாக ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்.

"பாத்தீங்களா டீச்சர்! அந்தக் கல்யாணத்துல என் தப்பு ஒண்ணுமே இல்ல. எல்லாம் கம்பெனி தப்பு!"

ரெஜினா கடிதத்தை முழுசாகப் படித்தார். அல்வாவில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கேமரா நின்னது கம்பெனி தப்புதான். ஒத்தைக் கேமராவோட கல்யாணத்துக்குப் போனது எந்தக் கம்பெனி தப்பு, அண்ணாச்சி?"