எதிர்ச்சரிவு

"மேடம், பரணிக்குப் பதிலா வேற ஒருத்தரைக் குடுங்க," என்றான் நவநீதன்.

சிவில் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் நில அளவை முகாம். மலையடிவாரத்தில் அது ஐந்தாவது நாள். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு நவநீதன் தலைவன்.

"பரணி என்ன செஞ்சான்?" என்று கேட்டார் பேராசிரியை அமலோற்பவம்.

"எதிர்ச்சரிவுல அளவுக்கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அவ்வளவுதான் வேலை. அதைக்கூட ஆட்டாம பிடிக்கத் தெரியலை. நாலு நாளா கணக்கு உதைக்குது. நல்ல ஆளுங்க இருந்தா நானும் நல்ல தலைவன்தான், மேடம்."

அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கி எதிர்ச்சரிவைப் பார்த்தார்.

"இன்னிக்கு நீ பிடி."

நவநீதன் கம்பத்தோடு ஏறினான். மேலே போய்ச் சேர அரை மணி நேரமாயிற்று.

அங்கிருந்து பார்த்தால் கீழே அளவைக் கருவியைச் சுற்றி நிற்கும் ஐந்து பேரும் விரலளவு இருந்தார்கள். அளவு எடுத்ததும் யாராவது கை தூக்கிக் காட்ட வேண்டும். அதுவரை நகரக் கூடாது.

நிமிர்த்திப் பிடித்தான்.

கை எழவில்லை.

பத்து நிமிடம். தோள் கடுத்தது. கீழே பிஸ்கட் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது. யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

என்ன சொல்லியிருப்பான்?

கொஞ்ச நேரத்தில் அது ஒன்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. பிஸ்கட்கூட வேண்டாம். ஒருத்தன் இந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

"டேய்!"

காற்று எதிரே அடித்தது. யாரும் திரும்பவில்லை.

கண் ஏன் கலங்குகிறது என்று அவனுக்கே புரியவில்லை. கையில் கம்பம் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது கீழே ஒருவன் கூட்டத்தை விட்டு விலகி முன்னால் வந்தான். இரண்டு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டினான்.

பரணி.

அன்று முழுக்க அவன் ஒருவன்தான் கை காட்டினான். ஒவ்வொரு முறையும்.

மாலையில் நவநீதன் இறங்கி வந்தபோது அமலோற்பவம் வழியில் நின்றிருந்தார்.

"சொல்லுப்பா. யாரை மாத்தணும்?"

அவன் அவரைக் கடந்து நடந்தான்.

பரணி கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். நவநீதன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நாலு நாள் அங்க தனியா நின்னிருக்கியே. எங்களை ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்லடா?"

பரணி கூச்சத்தோடு சிரித்தான்.

"கூப்பிட்டேன்டா. ஒவ்வொருத்தர் பேரா சொல்லி."