ஓலைக்கட்டில் இருந்த பெயர்கள்

ஏழு ஓடைகள் பாயும் ஒரு காட்டில், குழந்தைகளே, மூக்குக்கு மேல் கோபம் வரும் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. அதன் பெயர் வேலாயி. மூன்றாம் ஓடைச் சபைக்குப் பன்னிரண்டு வருஷமாக அதுதான் வக்கீல்.

வக்கீல் வேலை என்றால் பாறை மேல் ஏறி நின்று முழங்குவது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்த்துறையில் முதலில் இறங்குவது யார், யானை போகிற வழியில் எலி வளை தோண்டலாமா, காலியாகக் கிடக்கும் புற்று யாருக்கு என்று காலையில் எழுந்தால் ஒரே பஞ்சாயத்து. வேலாயி இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துக் கேட்கும். கேட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறக்கும். தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஜெயித்தவரோ, "இதைச் சொல்ல இத்தனை நேரமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார். பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் அதற்கு நன்றி சொன்னதில்லை.

அந்த வருஷம், காடு முழுவதற்கும் வக்கீலாக இருந்த கிழட்டு ஆந்தை கண் மங்கிப்போய் ஓய்வு பெற்றது. புது வக்கீலை மிருகங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை எந்த விசாரணையும் நடக்கக் கூடாது. வருகிற புகார் ஓலைகளைக் கட்டி வைத்திருந்து, ஜெயித்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கட்டி வைக்கிற வேலையும் வேலாயியின் தலையில்தான் விழுந்தது.

வேலாயி தேர்தலில் நின்றது. அதை எதிர்த்து நின்றது மணவாளன் என்கிற புனுகுப்பூனை. மணவாளன் ஒரு வழக்கிலும் வாதாடியதில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் கமகமவென்று மணக்கும். யார் எதைக் கேட்டாலும், "ஆகட்டும், செஞ்சுடலாம்" என்று சொல்லும். கேட்டவர்கள் குளிர்ந்துபோவார்கள்.

இந்தச் சமயம் பார்த்து, பூவாத்தா என்ற நாரையின் கூட்டிலிருந்து நான்கு முட்டைகள் காணாமல் போயின.

"உடும்புதான் எடுத்திருப்பான்" என்று யாரோ சொன்னார்கள். முதலில் சொன்னது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் மத்தியானத்துக்குள் காடே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. உடும்பு யாரோடும் பேசாது. பொந்திலேயே கிடக்கும். பார்க்கவும் லட்சணமாக இருக்காது. நம் காட்டு ஜனங்களுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஓட்டுப் போடும் நாளும் வந்தது. உப்புப் பாறைக்கு எதிரே இரண்டு குழிகள் தோண்டியிருந்தார்கள். ஆளுக்கொரு புங்கங்காய். வேண்டியவர் குழியில் அதைப் போட வேண்டும். அதற்கு முன்னால் போட்டியிடுகிறவர்கள் சபையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உடும்பும் வந்திருந்தது. இன்றைக்கு யார் ஜெயிக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் அதன் பொந்து அதற்கு நிலைக்கும். பாறை இடுக்கில் ஒடுங்கிக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டியிருந்தது.

எல்லோர் சார்பிலும் கேட்க, மூன்றாம் ஓடைச் சபைத் தலைவர் மாசிலாமணி எழுந்தது. அது ஒரு காட்டெருமை. அது செருமினால் பாதிச் சபை தலையாட்டும்.

"ஒரே கேள்விதான்" என்றது மாசிலாமணி. "ஜெயிச்சா உடும்பை என்ன பண்ணுவீங்க?"

"இன்னைக்கே விரட்டிடுவேன் தலைவரே" என்றது மணவாளன். "பொழுது சாயறதுக்குள்ள காட்டு எல்லையைத் தாண்டியிருப்பான்."

சபை ஆரவாரம் செய்தது. குரங்குகள் கிளையைப் போட்டு உலுக்கின.

"நீங்க என்ன சொல்றீங்க வக்கீலம்மா?"

"விசாரிப்பேன்" என்றது வேலாயி.

"விசாரிச்சு?"

"விசாரிச்ச பிறகுதான் தெரியும்."

சபை சிரித்தது. மாசிலாமணி கொம்பை ஆட்டியபடி, "நாலு முட்டை போயிருக்கு, இன்னும் என்ன விசாரணை? அவன் உங்களுக்கு வேண்டியவனா?" என்று கேட்டது.

வேலாயியின் முட்கள் சடசடவென்று எழுந்து நின்றன.

"எனக்கு அவனைக் கண்டாலே பிடிக்காது. போன மழையில என் வளையில வந்து படுத்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேன்னான். முட்டையை எடுத்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததனாலதான் கேக்கணும்னு சொல்றேன்."

"பன்னிரண்டு வருஷமா இந்தம்மா கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க" என்று கரடி கத்தியது. "விரட்டு, விரட்டு" என்று காட்டுப்பன்றிகள் பிடித்துக்கொண்டன. எங்கிருந்தோ ஒரு மண்ணாங்கட்டி பறந்து வந்து பாறை இடுக்கில் விழுந்து சிதறியது. உடும்பின் மூக்கு உள்ளே போய்விட்டது.

வேலாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கரடி தேன்கூட்டைக் கலைத்ததாகப் புகார் வந்தது. கரடியைக் காட்டை விட்டே துரத்த வேண்டும் என்று தேனீக்கள் ஒற்றைக் காலில் நின்றன. மூன்று நாள் உட்கார்ந்து கேட்டு, தேன்கூடு இருந்த கிளை காற்றில் முறிந்ததைக் கண்டுபிடித்தது யார்? அன்றைக்குக் கேட்காமல் விட்டிருந்தால் இந்தக் கரடி இன்றைக்கு இங்கே நின்று கத்துமா? கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

இதையெல்லாம் கத்திச் சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால் கத்தினால் இவர்கள் கேட்கப் போவதில்லை. வேலாயி பாறைக்குப் பின்னால் போய், பெரிய ஓலைக்கட்டு ஒன்றைப் பல்லால் கவ்வித் தரதரவென்று இழுத்து வந்து சபை நடுவில் போட்டது.

"இது என்னன்னு தெரியுதா? விசாரணை நின்னதிலிருந்து வந்து சேர்ந்த புகார் ஓலை. இன்னைக்கு ஜெயிக்கிறவங்க கைக்கு இது போகணும். அதுதான் சட்டம்."

"அதுக்கென்ன இப்போ?" என்றது கரடி.

"இதுல அநேகமா உங்க எல்லாரு பேரும் இருக்கு."

சபை கப்பென்று அடங்கியது. கிளையை உலுக்கிக்கொண்டிருந்த குரங்குகள் அப்படியே தொங்கின.

"என் பேருமா?" என்று கேட்டது கரடி.

"உன் பேரும்தான்."

"யாரு குடுத்தது? என்னன்னு குடுத்தாங்க?"

"சொல்ல மாட்டேன். விசாரணைக்கு முன்னாடி அதை வெளியில சொல்றது தப்பு. பொய்ப் புகாராக்கூட இருக்கலாம். உன்னைக் கண்டா ஆகாதவன் எவனாவது கீறிக் குடுத்திருக்கலாம். நான் ஜெயிச்சா ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கேப்பேன்." வேலாயி புனுகுப்பூனையின் பக்கம் திரும்பியது. "நீங்க ஜெயிச்சா எப்படி? புகார் வந்தா விசாரிக்காம அன்னைக்கே விரட்டுறதா இப்பதான் வாக்குக் குடுத்தீங்க."

கரடி தன் காலைப் பார்த்தது. மான்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

மணவாளன் மட்டும் சிரித்த முகம் மாறாமல் வாலை ஆட்டியது. "என்னக்கா இப்படிச் சொல்றீங்க? கரடியண்ணனை விசாரிக்காம இருப்பேனா?"

"எங்களை?" என்றன மான்கள்.

"உங்களையும் விசாரிப்பேன்."

"எங்களை?" என்றன காட்டுப்பன்றிகள்.

"ஆகட்டும், ஆகட்டும். உங்களையும்தான்."

இப்படியே ஒவ்வொருவருக்கும் ஆகட்டும் சொல்லி மணவாளனின் தொண்டை வறண்டது. கேட்டவர்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. "அப்போ சரி" என்று கரடி நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது. வேலாயிக்கு அப்போது வந்த கோபத்தைப் பார்த்தால், அதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை.

"ஓகோ. எல்லாருக்கும் விசாரணை உண்டு, உடும்புக்கு மட்டும் கிடையாது. அப்படித்தானே? யாரைக் கேக்கணும், யாரைக் கேக்கக் கூடாதுன்னு இவர் மனசுல முடிவு பண்ணுவார். நீங்க தலையாட்டுவீங்க. நாளைக்கு உங்கள்ல ஒருத்தர் மேல இவருக்கு மனஸ்தாபம் வந்தா, அன்னைக்கு அவர்தான் உடும்பு. அப்போ எந்த முகத்தை வெச்சுக்கிட்டு என்னைக் கேளுன்னு சொல்லுவீங்க?"

பின்வரிசையிலிருந்து நாரை பூவாத்தா மெதுவாக நடந்து வந்தது. முட்டையைப் பறிகொடுத்தவள் என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

"வக்கீலம்மா, எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றது நாரை. "உடும்பை இன்னைக்கு விரட்டிடறாங்க. அப்புறம் அவன் எடுக்கலைன்னு தெரிஞ்சா?"

"எடுத்தவன் இங்கேயேதான் இருப்பான். உன் கூட்டுக்குப் பக்கத்துலயே."

நாரை சபையைப் பார்த்துத் திரும்பியது.

"அடுத்த மழைக்கு நான் மறுபடி முட்டை வைக்கணும். எனக்காகக் கத்துறோம்னு சொல்றீங்களே, யாராவது என்கிட்ட வந்து என்ன வேணும்னு கேட்டீங்களா? எவனையாவது விரட்டினா எனக்குப் போதாது. எடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

சொல்லிவிட்டு, தன் புங்கங்காயை அலகால் எடுத்து வேலாயியின் குழியில் போட்டது.

அதற்குப் பின்னால் கரடி வந்து போட்டது. மான்கள் வந்தன, குரங்குகள் வந்தன. நாரையின் பேச்சுக்காகப் போட்டவர்கள் கொஞ்சம் பேர். ஓலைக்குப் பயந்து போட்டவர்கள்தான் அதிகம். அது வேலாயிக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்ததால் அதன் முட்கள் கடைசிவரை படியவே இல்லை.

வேலாயி ஜெயித்தது. மணவாளன் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு நழுவியது. உடும்பு இடுக்கிலிருந்து வெளியே வந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தன் பொந்தைப் பார்த்து நடந்தது.

"நாளைக்குக் காலையில வந்துடு" என்று வேலாயி அதைப் பார்த்துச் சொன்னது. "எடுத்திருந்தா தப்ப முடியாது, சொல்லிட்டேன்."

உடும்பு தலையை ஆட்டியது.

கூட்டம் கலைந்த பிறகு மாசிலாமணி மட்டும் போகாமல் நின்றது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தது. செருமல் சத்தம்கூட மெல்லிசாகத்தான் வந்தது.

"வக்கீலம்மா, நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

"பார்த்தேன்."

"அந்தக் கட்டுல என் பேரு..."

"மூணு ஓலை இருக்கு."

"கொஞ்சம் பாத்து செய்யுங்க."

"பாத்துதான் செய்வேன். நாளைக்கு உடும்பு விசாரணை முடிஞ்சதும் உங்களுதுதான். புகார் குடுத்தவங்க வருவாங்க. நீங்களும் வந்துடுங்க."

மாசிலாமணிக்கு முகம் தொங்கிப்போனது. "அதான் உங்களுக்கு ஓட்டுப் போட்டேனே வக்கீலம்மா."

வேலாயி ஓலைக்கட்டைக் கவ்வி இழுத்துக்கொண்டே நடந்தது. நாலு எட்டுப் போனதும் கட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"விசாரிப்பேன்னுதான் சொன்னேன் தலைவரே. விட்டுடுவேன்னு சொல்லலை."

நீதி: அடுத்தவனைக் கேட்காமலே தண்டிக்கச் சொல்லிக் கத்துகிறவன், தன் முறை வரும்போது நியாயம் கேட்கும் தகுதியைத் தானே இழக்கிறான்.