குலசாமி கும்பிடப் போன ராசா

அந்தக் காலத்தில், மஞ்சணத்தி நாடு என்றொரு நாட்டைக் கூத்தப்பெருமாள் என்ற ராசா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாக யார் காதைக் கடித்தார்களோ அவர்கள் பேச்சுதான் சட்டம்.

அந்த நாட்டுக்குள் வர ஒரே வழி, ஆற்றங்கரைக் கோட்டைவாசல். அந்த வாசலுக்கு எத்தனை சட்டம் வந்து போயிற்று என்கிறீர்கள்! நாட்டை உண்டாக்கிய முதல் ராசா காலத்தில் எங்கு பார்த்தாலும் உடைமுள். அவர் ஆற்றுத்துறையில் ஒரு கல்லை நட்டு, 'ஒரு பாய் விரிக்கிற அளவு முள் வெட்டுகிறவன் நம்மவன்' என்று செதுக்கிவைத்தார். ஜனம் வந்தது, காடு வயலாயிற்று. வயிறு நிறைந்ததும் அவர் மகன், "நெசவு தெரிந்தவன் மட்டும் வா" என்றார். பேரன், "உள்ளே இருக்கிற ஒருவன் பிணை நின்றால் வா" என்றார். அடுத்து வந்தவர் பஞ்சத்தில் கதவைப் பூட்டினார். அறுவடைக்கு ஆள் கிடைக்காதபோது அவரே திறந்தும் விட்டார். முதல் சட்டத்தை ஒருவரும் நீக்கவில்லை, மறந்துவிட்டார்கள். அந்தக் கல்லில் ஊரார் துணி துவைத்தார்கள்.

கூத்தப்பெருமாளின் சபையில் நல்லகுற்றாலம் என்று ஒரு தானாபதி, ராசாவின் காரியக்காரர், இருந்தார். மந்திரி திருமேனியைக் கண்டால் அவருக்கு வயிறெரியும். மந்திரியின் பாட்டனார் அக்கரையிலிருந்து வந்தவர் என்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் ராசாவின் காதைக் கடித்தார்.

"மகாராசா, வந்தவன் போனவன் எல்லாம் மந்திரியாகிவிட்டான். இனி அக்கரையிலிருந்து வருகிறவன் எவனானாலும், தன் முதல் பாட்டன் இந்த மண்ணில் பிறந்தவன் என்று நிரூபிக்கட்டும். சாட்சி சொல்கிறவனும் அப்படிப்பட்டவனாக இருக்கட்டும்."

ராசாவுக்குப் பிடித்துப்போயிற்று. மந்திரி ஒன்றே ஒன்று கேட்டார்.

"யாருக்காவது விலக்கு உண்டா, மகாராசா?"

"விலக்கு வைத்தால் அது சட்டமா? நானே வந்தாலும் இதுதான்."

"நல்லது. வாசல் காவலை நானே பார்க்கிறேன்."

மறுவாரமே ஒரு வழக்கு வந்தது. உள்ளூரில் வாழ்க்கைப்பட்ட மாடத்தி, அக்கரையில் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தாள். தங்கச்சி செத்துப்போனாள். அவள் பெற்ற பச்சைப்பிள்ளையோடு திரும்பிய மாடத்தியை, பாட்டன் அக்கரைக்காரன் என்று காவல் மறித்துவிட்டது. மதிலுக்குள்ளே புருசன், வாசலுக்கு வெளியே ஆற்றுமணலில் அவள். ஆட்டுப்பால் வாங்கிப் புகட்டிப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

மந்திரி சபையில் வாதாடினார். "முதல் ராசாவின் சட்டம் இன்னும் இருக்கிறது. அவள் முள் வெட்டத் தயார்."

"அந்தக் கல்லா? அது துணி துவைக்கத்தான் லாயக்கு" என்றார் தானாபதி. ராசா விழுந்து விழுந்து சிரித்தார். சபையும் சிரித்தது. கதை சொல்கிற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசி சிவராத்திரி வந்தது. அன்றைக்கு யாராக இருந்தாலும் குலசாமி கும்பிடப் போகவேண்டும், அது ராசாவுக்கும் விதி. வருசாவருசம் போகிற பழக்கம், யாரும் யோசிக்கவில்லை. ராசாவும் தானாபதியும் பரிவாரத்தோடு ஆற்றைக் கடந்து, அக்கரை மேலக்காட்டுச் சாஸ்தா கோயிலுக்குப் போனார்கள். பொங்கலிட்டார்கள், கிடா வெட்டினார்கள். அரண்மனையில் புதுக்கோயில் கட்டுவதற்காக ராசா தம் கையாலேயே பிடிமண் அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, தலையில் சுமந்து வந்தார்.

வாசல் பூட்டியிருந்தது. மதில் மேல் மந்திரி.

"திறவும், திருமேனி."

"யார், எங்கிருந்து வருகிறீர்கள்?"

"கண் தெரியவில்லையா?"

"தெரிகிறது, மகாராசா. நீங்களே வந்தாலும் கேட்கச் சொன்னது நீங்கள்தான். தலையில் என்ன?"

"பிடிமண்."

"எதற்கு அங்கிருந்து மண்?"

"இது என்ன கேள்வி? எங்கள் முதல் பாட்டன் அங்கிருந்துதானே..." ராசா அதோடு நிறுத்திக்கொண்டார்.

தானாபதி முன்னே வந்தார். "மகாராசா மண்ணின் மைந்தர். நான் சாட்சி!"

"உங்களுக்கும் குலசாமி அதே சாஸ்தாதானே, தானாபதி? நெற்றியில் திருநீறு இருக்கிறதே."

தானாபதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேலியில் போன ஓணானை வேட்டியில் விட்டுக்கொண்டால் குடையத்தானே செய்யும்?

வெயில் ஏறியது. ராசாவுக்கு நா வறண்டது. பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி சிரட்டையில் தண்ணீர் நீட்டினாள்.

"குடிங்க ராசா. நாலு நாள் போனா மணல் சூடு பழகிரும்."

ராசா குடித்தார். இவள்தான் மாடத்தி என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. சிரட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதிலைப் பார்த்தார்.

"திருமேனி, அந்தத் துவைகல்லில் என்ன எழுதியிருக்கிறது?"

மந்திரி மதிலிலிருந்து மூன்று அரிவாளைக் கயிற்றில் இறக்கினார்.

மாடத்தி ஒன்றை எடுத்தாள். பிள்ளையை ராசாவின் சேவகனிடம் கொடுத்துவிட்டு, மளமளவென்று மதிலோரத்து முள்ளை வெட்டித் தள்ளினாள். ராசா பட்டு வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டினார். தானாபதிக்கு அரிவாளை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியவில்லை. ஊரே மதில் மேல் நின்று பார்த்தது.

தாம் வெட்டியது ஒரு பாய்க்குக் காணாது என்று ராசாவுக்கே தெரிந்தது. மாடத்தி வெட்டிய இடம் சுத்தமாக இருந்தது. பிள்ளை அதில் கிடந்து காலை உதைத்தது.

"தாயீ, இந்த மண்ணை இங்கே வைத்துக்கொள்ளட்டுமா?"

"இது எம்புள்ளைக்கு வெட்டுன இடம், ராசா. நீங்க வெட்டுன இடத்துல வைங்க."

ராசா திரும்பிப் போய் மிச்ச முள்ளையும் வெட்டினார். சாமிக்குக் கோயில் இனி இங்கேதான் என்று அங்கேயே பிடிமண்ணை வைத்தார். அப்புறம்தான் வாசல் திறந்தது. முதலில் மாடத்தி போனாள், ராசா பின்னால் போனார்.

புதுச்சட்டம் அன்றே போயிற்று, கல்லில் இருந்த சட்டமே நின்றது. மந்திரிக்கு ராசா தம் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். தானாபதிக்கும் ஒரு பதவி கிடைத்தது: துறையில் நின்று, வருகிறவர்களுக்குத் தண்ணீரும் அரிவாளும் கொடுக்கிற வேலை. அன்று தம் கையில் தைத்த முள் எடுபடும் வரை, வந்தவர் ஒவ்வொருவரிடமும், "பார்த்து வெட்டுங்க, குத்தும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர்கள் உள்ளே போனார்கள், நாமும் நம் வேலைக்குப் போவோம்.