கரிச்சான் நின்ற இடம்

மடத்துக் கொட்டகைக்குப் புதுக் காளை வந்த அன்றைக்கே தேவண்ணனுக்கு அதைப் பிடிக்காமல் போயிற்று. பிடிக்காது என்று முடிவு செய்துகொண்டுதான் சந்தைக்கே போனார் என்று சொன்னாலும் தப்பில்லை.

தேவண்ணன் அந்த மடத்தின் மூத்த சீடர். தலை முழுக்க நரைத்தாயிற்று. காவி கட்டிய நாளிலிருந்து மடத்துக் காங்கேயம் மாடுகள் அவர் பொறுப்பு. விடிந்தால் தேவாரம், அப்புறம் சாணம், அப்புறம் மேய்ச்சல் காடு. கிளுவை வேலி போட்ட அந்தக் காட்டில் எந்தப் பசு எந்த வேலமரத்து நிழலில் படுக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும்.

அந்தப் பசுக்களுக்கெல்லாம் கரிச்சான் என்று ஒரு பொலிகாளை இருந்தது. கழுத்தும் திமிலும் கன்னங்கரேலென்று, கொம்பு இரண்டும் உச்சியில் வந்து தொட்டுக்கொள்ளுமோ என்று இருக்கும். சாயங்காலமானால் மடத்துத் தலைவர் பெரிய சாமி வேலியோரமாக நடப்பார். கரிச்சான் கயிறில்லாமல் பின்னாலேயே போகும். அவர் நின்றால் அதுவும் நிற்கும். அவர் பாறையில் உட்கார்ந்தால் அதுவும் பக்கத்தில் படுத்து அசைபோடும். தேவண்ணன் ஒரு செம்பில் மோர் கொண்டுபோய் வைப்பார். மூன்று பேரும் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பேச்சும் இருக்காது. வாழ்ந்தது என்றால் அந்தச் சாயங்காலங்களைத்தான் சொல்ல வேண்டும் என்று தேவண்ணன் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் பெரிய சாமி போய்ச் சேர்ந்தார். ஆடியில் கரிச்சான் போயிற்று.

மடத்துப் பொறுப்புக்குச் சின்னச்சாமி வந்தார். நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. தேவண்ணன் தினமும் காலையில் அவர் முன்னால் விழுந்து கும்பிடுவார். கும்பிடுவதில் ஒரு குறையும் வைக்க மாட்டார். எழுந்திருக்கும்போதுதான் மனசு ஆரம்பிக்கும். பெரிய சாமிக்குக் குரல் இதைவிடக் கனம். பெரிய சாமி இப்படி அள்ளி அள்ளிச் சாப்பிட மாட்டார். பெரிய சாமி சிரித்தால் பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது, இவர் சிரித்தால் மாட்டுக் கொட்டகை வரைக்கும் கேட்கிறது.

பசுக்கள் பருவத்துக்கு வந்து வந்து சும்மா போயின. காளை இல்லாமல் இனி ஆகாது என்று சின்னச்சாமிதான் தேவண்ணனைச் சந்தைக்கு அனுப்பினார். தேவண்ணன் சந்தையில் ஒரு ஓரமாக நின்றுகொண்டு, "நீயே பாத்து ஒண்ணப் புடி" என்று தரகர் ராக்கியண்ணனிடம் சொல்லிவிட்டார். ராக்கியண்ணன் இன்னும் பல் போடாத ஒரு மயிலைக் காளையைப் பிடித்தார். விலை முடித்துக் கயிறு மாற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுவிட்டு, "ஒரு வாரம் வச்சுப் பாருங்க. ஒத்து வரலீன்னா திங்கக்கெழம நானே வந்து ஏத்திக்கறேன்" என்றார்.

எங்கே ஏற்றிப்போவார் என்பது எல்லாருக்கும் தெரியும். கயிறு மாற்றி விற்ற மாட்டை விற்றவன் மறுபடி தன் வாசலில் சேர்ப்பது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. தரகருக்குக் காடும் இல்லை, தோட்டமும் இல்லை. திங்கட்கிழமை வண்டி அடிமாடுகளை ஏற்றிக்கொண்டு மேற்கே கேரளாவுக்குப் போகும்.

திங்கட்கிழமை விடிந்ததும் தேவண்ணன் சின்னச்சாமியிடம் போனார். சாமி கிணற்றடியில் தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தார். பெரிய சாமி துணியைத் துவைக்கும் பாக்கியம் தேவண்ணனுக்கு இருந்தது. இவர் யாரையும் தொட விடுவதில்லை. அதிலும் தேவண்ணனுக்கு ஒரு வருத்தம்.

"சாமி, இந்தக் காளை வேண்டாமுங்க."

"ஏனுங்க தேவண்ணரே?"

"முன்னங்கால் சரியில்லீங்க. ஒரு காலு உள்ள வாங்கி நிக்குது. ஒரு பக்கத்துத் தோளு தாழ்ந்து போகுது. பொறக்கற கன்னுகளுக்கும் அந்தக் காலு வருமுங்க."

"வேற?"

"தீனி சரியா எடுக்கறதில்லீங்க. தொட்டியில மூஞ்சிய வெச்சுட்டு எடுத்துக்குது."

"வேற?"

"கூப்புட்டாத் திரும்பிப் பாக்கறதில்லீங்க. மனுசன் பேச்சு ஏறாத மாடு."

"என்னன்னு கூப்புட்டீங்க?"

தேவண்ணன் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"கரிச்சான்னுதானுங்க. வாயில அதுதான் வருது."

சாமி இதற்குச் சிரிப்பார் என்று தேவண்ணன் எதிர்பார்த்தார். சாமி சிரிக்கவில்லை. வேட்டியைத் திருப்பிப் போட்டுக் கும்மினார்.

"வண்டி எப்ப வருதுங்க?"

"வெயில் ஏர்றதுக்குள்ள வந்துருமுங்க."

"ஏத்தி உட்டா எங்க போகும்?"

"அது தரகர் பாடுங்க சாமி." சொல்லிவிட்டுத் தேவண்ணன் கீழே பார்த்தார். வாரம் முழுக்க இந்தப் பதிலைத்தான் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட அது வயிற்றுக்குள் இறங்கவில்லை. "நான் என்னங்க பண்ணட்டும்? மாடு நல்ல மாடுன்னு எதை வெச்சுச் சொல்றதுங்க? பெரிய சாமியா இருந்தா ஒரு பார்வையில சொல்லிருவாங்க."

சாமி வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"எனக்கு மாடு பாக்கத் தெரியாதுங்க. வாங்க, போயிப் பாக்கலாம்."

கொட்டகையின் கிழக்குக் கோடியில் காளை கட்டிக் கிடந்தது. தேவண்ணன் சொன்ன மாதிரியே ஒரு கால் உள்ளே வாங்கி, ஒரு தோள் இறங்கி, கோணலாகத்தான் நின்றது. சாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் காலடியில் கையை வைத்தார். காளை புஸ்ஸென்று மூச்சு விட்டது.

"சாமி, பாத்துங்க!"

"இது என்னங்க குழி?"

தேவண்ணனும் குனிந்து குழியைப் பார்த்தார்.

"கரிச்சான் நின்ன எடமுங்க. அவன் முன்னங்கால் பதிஞ்சு பதிஞ்சு பள்ளமாப் போச்சு."

கரிச்சான் மார்பு அகன்ற காளை. அதன் குழிகள் இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தன. இந்த இளங்காளைக்கு அவ்வளவு அகலம் இல்லை. ஒரு கால் குழிக்குள் இறங்கியிருந்தது, இன்னொரு கால் அடுத்த குழியின் சரிவில் வழுக்கிக்கொண்டிருந்தது.

"மண்ணு போட்டு மெத்த மாட்டீங்களா?"

"வருசா வருசம் மெத்துவமுங்க. இந்த வருசம் மெத்தல."

"ஏனுங்க?"

"மனசு வரலீங்க சாமி."

கரிச்சான் போன பிறகு தேவண்ணன் எத்தனையோ நாள் சாயங்காலம் யாரும் பார்க்காதபோது அந்தக் குழியில் தன் காலை வைத்து நின்றிருக்கிறார். அதைப் போய் யாரிடம் சொல்வது?

சாமி எழுந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். கல் தொட்டி. அடியில் தவிடும் புண்ணாக்கும் கரைத்தது அப்படியே கிடந்தது.

"தொட்டி உசரமா இருக்குதுங்களே?"

"அவன் உசரத்துக்குத் தக்கன கட்டுனதுங்க."

சாமி கையை விட்டு ஒரு கை அள்ளிக் காளையின் வாய்க்கு நேராகத் தாழப் பிடித்தார். காளை மோந்து பார்த்தது. ஒரு தடவை விலகியது. அப்புறம் விரலிடுக்கு வரை நக்கித் தின்றது. சாமி மறுபடி அள்ளினார். அதுவும் போயிற்று.

"நாக்கு அரத்தை வெச்சுத் தேய்க்கற மாதிரி இருக்குதுங்க!" என்று சாமி உரக்கச் சிரித்தார். தேவண்ணனுக்கு வழக்கம்போலப் பெரிய சாமியின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

சாமி கட்டுத்தறியிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு லேசில் விடவில்லை, பல்லால் கடித்து இழுத்தார். காளையை முற்றத்துக்கு நடத்திக்கொண்டு வந்து சமதரையில் நிறுத்திவிட்டு, கயிற்றைத் தேவண்ணன் கையில் கொடுத்தார்.

"நீங்க பாருங்க. நீங்கதான் பாக்கத் தெரிஞ்சவங்க."

தேவண்ணன் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியாத கண் அது, ஆயுசு முழுக்க மாட்டைப் பார்த்த கண். முன்னங்கால் இரண்டும் நட்டுவைத்த மாதிரி நேராக நின்றன. தோள் இரண்டும் ஒரே மட்டம். சுற்றி வந்தார். முதுகில் கையை ஓட்டினார். திமில் இப்போதுதான் எழும்புகிறது, ஆனால் சாயாமல் எழும்புகிறது. அடிக்கழுத்துத் தோலைப் பிடித்துப் பார்த்தார், மெல்லிசு. காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார், பிளவு இறுக்கமாக இருந்தது. காளை காலைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றது. பழகாத மாடு அப்படிக் காலைக் கொடுப்பது அபூர்வம்.

குறை ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றாவது அகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. பின்பக்கத்தில் ஏற்கெனவே சில மாடுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. ராக்கியண்ணன் முன்பக்கத்திலிருந்து இறங்காமலே குரல் கொடுத்தார்.

"என்னங்க சாமி, ஏத்திக்கலாமுங்களா?"

"கொஞ்சம் இருங்க" என்றார் சாமி. பிறகு தேவண்ணனைப் பார்த்தார்.

"காலு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் தேவண்ணன்.

"ம்."

"முதுகும் நேருங்க. மேய விட்டா ஒரு வருசத்துல முழுக் காளையாயிருவான்."

"ம்."

"எல்லாஞ் செரிதானுங்க சாமி. ஆனா..."

தேவண்ணன் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினார். கண் நிறைந்துவிட்டது. வேலியோரத்துப் பாறையும் மோர்ச் செம்பும் பின்னாலேயே நடந்து வரும் அந்தக் கரிய உருவமும் அவர் முன்னால் நின்றன. இத்தனை வயசுக்கு மேல் ஒரு மாட்டுக்காக இப்படி அழுகிறோமே என்று இருந்தது. அழுகை மாட்டுக்காக மட்டும் இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

"இவன் கரிச்சான் ஆவானுங்களா சாமி?"

"ஆக மாட்டானுங்க."

பதில் இவ்வளவு சடுதியில் வரும் என்று தேவண்ணன் நினைக்கவில்லை. பெரிய சாமியாக இருந்தால் கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு, மெதுவாக, மனசு நோகாமல் சொல்லியிருப்பார். அந்த நினைப்பு அப்படியே அவர் முகத்தில் வந்து நின்றது. தினமும் காலையில் அவர் விழுந்து கும்பிட்டு எழும்போது வருகிற அதே முகம். சின்னச்சாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ராக்கியண்ணன் ஹாரனை அடித்தார்.

"நானும் பெரிய சாமி ஆக மாட்டேனுங்க, தேவண்ணரே" என்றார் சாமி. "வண்டியில இவனோட சேத்து எனக்கும் எடமிருக்குதான்னு கேட்டுட்டு வாங்க."