பொன்முடிக் கோழிகளின் கூண்டு

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடியாத காலம் அது. அந்தக் காலத்தில் எயில்நகர் என்று ஓர் ஊர் இருந்தது. அதை வெற்பரையன் என்ற அரசன் ஆண்டான்.

வெற்பரையன் சத்தம் போட்டுப் பேச மாட்டான். கோபம் வந்தால் அவன் குரல் தணியும். குரல் தணியத் தணிய, அவையில் இருப்பவர்களுக்கு உள்ளங்கை வேர்க்கும். அரண்மனைக்குக் கீழே ஒரு நிலவறை இருந்தது. அதற்குள் போனவர் எப்போது வெளியே வருவார் என்று யாரும் கேட்பதில்லை. முன்பு ஒருவர் கேட்டார். அவரும் உள்ளே போனார்.

கேளுங்கள். ஒருநாள் வடக்கிலிருந்து வந்த வணிகன் அரசனுக்கு ஒன்பது பறவைகளைக் காணிக்கையாகக் கொடுத்தான். மூன்று சேவல், ஆறு பெட்டை. பனி பெய்யும் மலைக்காட்டில் பிறந்த கோழிகள். சேவல்களுக்குத் தலையில் பொன்னிறக் கொண்டை, நெஞ்சில் குங்குமச் சிவப்பு, முழத்துக்கு மேல் நீண்ட வால். பெட்டைகளுக்குக் காய்ந்த சருகின் நிறம். ஊரார் அவற்றைப் பொன்முடிக் கோழிகள் என்றார்கள்.

அரசனுக்கு அவற்றைப் பிரிய மனமில்லை. கூண்டு செய்யும் அந்துவனை வரவழைத்தான்.

“இவை என் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆறு முழ நீளம், மூன்று முழ அகலம், மூன்று முழ உயரம். கம்பிகளுக்குப் பொன் பூசு.”

அந்துவன் கிளிக்கும் மைனாவுக்கும் கௌதாரிக்கும் கூண்டு செய்தே தலை நரைத்தவன். அளவைக் கேட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது உயிருக்கு அந்த இடம் போதாது. சேவல் திரும்பினால் வால் ஒடியும். மிரண்டு எழும்பினால் தலை இடிக்கும்.

சொல்ல வாயைத் திறந்தான். அரசன் அவனைப் பார்த்தான்.

“அப்படியே ஆகட்டும், அரசே” என்றான் அந்துவன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வெண்ணியிடம் நடந்ததைச் சொன்னான். வெண்ணி காடை பிடிப்பவர்களுக்கு வலை பின்னுகிறவள். பறவைகளின் குணம் அவளுக்கும் தெரியும்.

“கூண்டு சிறியது என்று சொன்னீர்களா?”

“இல்லை.”

“ஏன் சொல்லவில்லை?”

“நீ அவர் முகத்தைப் பார்த்ததில்லை, வெண்ணி.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்கும் பயம்தான்.

கூண்டு முடிந்தது. வெயில் பட்டால் கண் கூசும் கூண்டு. கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஆதன் என்பவனை வைத்தார்கள். அமைதியான மனிதன். தானியத்தை ஊதி, தூசி போக்கிப் போடுவான்.

மூன்றாம் நாள் இரண்டு சேவல்கள் ஒரு சேவலைக் கொத்தின. ஓட இடமில்லை, ஒளிய இடமில்லை. ஆதன் கையை உள்ளே விட்டு விலக்கினான். அவன் கையிலும் இரத்தம், பறவையின் மேலும் இரத்தம். சாயங்காலத்துக்குள் அந்தச் சேவல் செத்தது.

“என் பறவையைக் கொன்றது யார்?” என்று அரசன் தணிந்த குரலில் கேட்டான். யாரும் பேசவில்லை. ஆதனை நிலவறைக்கு இழுத்துப் போனார்கள். அந்துவன் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். வாய் திறக்கவில்லை.

அடுத்து மூவன் என்ற இளைஞன் வந்தான். அவன் கூண்டை விட்டு நகரவே இல்லை. சோற்றையும் அங்கேயே தின்றான். ஆனாலும் சேவல்கள் ஒரு பெட்டையை மூலையிலிருந்து மூலைக்குத் துரத்தின. அது மறைந்துகொள்ள ஒரு செடிகூட உள்ளே இல்லை. முதுகில் இறகெல்லாம் போய், பத்தாம் நாள் அதுவும் செத்தது.

“என் பறவையைக் கொன்றது யார்?”

மூவனும் நிலவறைக்குப் போனான். போகும் வழியில் அந்துவனைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. சும்மாதான் பார்த்தான். அந்துவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அரண்மனையிலிருந்து ஆள் வந்தான். “கூண்டு செய்தவன்தான் இனிக் கூண்டைக் காக்க வேண்டுமாம்.”

அந்துவன் கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மிச்சம் இரண்டு சேவல், ஐந்து பெட்டை. வால்கள் ஒடிந்து துடைப்பம் போல் இருந்தன. கோழிகள் அவனைக் கண்டு நடுங்கின, அவன் அரசனை நினைத்து நடுங்கினான்.

அன்று அரசன் அவைக்கு வரும் நேரம். வழக்கம்போல் முரசு முழங்கியது. மலைக்காட்டுக் கோழி மிரண்டால் ஓடாது, அம்பு போல் நேரே மேலே எழும்பும். பெரிய சேவல் அப்படித்தான் எழும்பியது. பொன் கம்பியில் தலை மோதியது. கீழே விழுந்தது. அந்துவன் அதைக் கையில் எடுத்தபோது கழுத்து துவண்டு தொங்கியது.

அரசன் வந்து உட்கார்ந்தான். பார்த்தான். குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது.

“என் பறவையைக் கொன்றது யார்?”

அந்துவனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொன்னான்.

“கூண்டு கொன்றது, அரசே. செய்தவன் நான். செய்யும்போதே அது சிறியது என்று தெரியும்.”



“தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?”

“பயம்.”

“இப்போது பயமில்லையா?”

“இப்போதும் பயம்தான், அரசே. ஆனால் இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள். மூன்று உயிர் போய்விட்டது.”

அரசன் கூண்டைப் பார்த்தான். பிறகு, “அடுத்த பௌர்ணமி வரை தருகிறேன். உனக்குச் சரி என்று படுகிற கூண்டைக் கட்டு. இன்னொரு பறவை செத்தால், நிலவறைக்கு நீ தனியாகப் போக மாட்டாய். உன் மனைவியும் வருவாள்” என்றான்.

அந்துவன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னான். வெண்ணியின் முகம் வெளுத்தது. நூலைக் கையில் எடுத்தாள். நூல் சிக்கியது. சிக்கெடுத்தாள். மறுபடி சிக்கியது. மறுபடி எடுத்தாள்.

“மேலே கம்பி வேண்டாம். பருத்தி வலை போடுவோம். தொய்வாகக் கட்டுவோம். மோதினால் வாங்கிக்கொள்ளும்” என்றாள்.

அரண்மனைத் தோட்டத்தில் இருவரும் வேலை செய்தார்கள். நாற்பது அடி நடக்கும் நீளம். ஓர் ஆள்மேல் ஓர் ஆள் நிற்கும் உயரம். கீரியும் நரியும் தோண்டாதபடி சுற்றிலும் கல் புதைத்தார்கள். வெளியே போகும் நாய்கள் கண்ணில் படாதபடி இடுப்பளவுக்கு மூங்கில் தட்டி வைத்தார்கள். உள்ளே காய்ந்த மணல், மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, பெட்டைகள் ஒளிய அடர்ந்த புதர்கள். சேவல் ஒன்றே இருந்ததால் சேவல்களைப் பிரிக்கும் தடுப்புச் சுவர் தேவைப்படவில்லை.

பௌர்ணமியன்று காலை அரசன் வந்தான். கூடவே முரசும் வந்தது.

“இப்போது அடி” என்றான் அரசன்.

அந்துவனின் கையை வெண்ணி பிடித்துக்கொண்டாள். முரசு இடித்தது. சேவல் புதரிலிருந்து நேரே எழும்பியது. வலையில் மோதியது. வலை பைபோல் மேலே உப்பி, தாழ்ந்தது. சேவல் கீழே விழுந்தது. மணலில் அசையாமல் கிடந்தது.

வெண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சில் சேவல் எழுந்தது. உடம்பை உதறிக்கொண்டது. புதருக்குள் நடந்து போய் மறைந்தது.

“போய்விட்டதே. நான் பார்க்காத பறவை எனக்கு எதற்கு?” என்றான் அரசன். குரல் தணியத் தொடங்கியது.

வெண்ணி முன்னால் வந்தாள். “அது பயந்திருக்கிறது, அரசே. முரசும் ஆட்களும் போகட்டும். நீங்கள் மட்டும் அசையாமல் உட்காருங்கள். பயம் போனால் அதுவே வரும்.”

அரசனை உட்கார் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவன் அவளை முறைத்தான். பிறகு ஆட்களைப் போகச் சொல்லிவிட்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு பெட்டை தலையை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் சேவல் வெளியே வந்தது. கழுத்து இறகை விசிறி போல விரித்து, பெட்டைகளைச் சுற்றி நடந்தது. பொற்கூண்டில் இருந்தவரை அது ஒருமுறைகூட அப்படி விரித்ததில்லை.

அரசன் அதையே பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டான்.

“அந்தக் கூண்டு சிறியது என்று அவையில் வேறு யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும், அரசே” என்றான் அந்துவன்.

வெற்பரையன் எழுந்து போய் நிலவறையைத் திறக்கச் சொன்னான். மூவன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஆதன் வரவில்லை. அவன் இறந்து ஒன்பது நாளாகியிருந்தது.

அந்துவன் ஆதன் வீட்டுக்குப் போனான். ஆதனின் மனைவி வாசலில் நின்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இதை முதல் நாளே சொல்லியிருந்தால், ஐயா?”

அந்துவன் தலைகுனிந்து நின்றான். அவள் கதவைச் சாத்திய பிறகும் நின்றான்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இந்தக் கதை சொல்வது இதுதான்: நாம் பயந்து மறைக்கும் உண்மைக்கு வேறொருவர் உயிரைக் கொடுக்க நேரும், ஆகையால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.