கரையில் அளந்த ஆழம்

ஒரு காட்டுக்குள் இருந்த செங்குளத்தில் ஒரு விரால் மீன் இருந்தது. அதற்கு ஒரு கூட்டம் குஞ்சுகள். செக்கச்செவேலென்று, சின்னஞ்சிறிதாக, அம்மாவின் நிழலை விட்டு அகலாமல் நீந்தும். அந்தக் காட்டுக்கு இருந்தது அந்த ஒரே குளம். குடிக்கவும் அதுதான், குளிக்கவும் அதுதான்.

குளம் தூர்ந்துபோய்விட்டது என்று எல்லா மிருகங்களும் காட்டுப் பேரவையில் போய் முறையிட்டன. "சரி, ஆழப்படுத்தலாம். ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள்" என்றது பேரவை. மிருகங்களும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் கொடுத்தன. கரடி தேனடை கொடுத்தது. மான்கள் நெல்லிக்காய் பொறுக்கிக் கொடுத்தன. முயல்கள்கூடக் கிழங்கு கொடுத்தன. பொதுக் களஞ்சியம் நிறைந்துவிட்டது.

நீர்த்துறைச் செயலாளர் உடும்பு. அது கூப்பிட்டு வேலையைக் கொடுத்தது காட்டுப்பன்றிக்கு. மண்ணைக் கிளறுவதில் பன்றியை மிஞ்ச ஆள் உண்டா? ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பன்றி என்ன செய்தது தெரியுமா? நடுக்குளத்துப் பக்கமே போகவில்லை! ஓரத்துச் சேற்றைக் கொஞ்சம் மூக்கால் வாரியது. வாரியதைக் கரைமேலேயே கொட்டியது. பிறகு வெளியே கிடந்த செம்மண்ணையும் தள்ளிக்கொண்டு வந்து கரைமேல் குவித்தது. கரை மட்டும் ஓங்கி உயர்ந்தது. குளம் பழைய குளம்தான். பன்றியும் உடும்பும் களஞ்சியத்துக்குள் புகுந்து, ஊரார் கொடுத்ததையெல்லாம் உட்கார்ந்து தின்று தீர்த்தன.

இதில் இன்னொரு கொடுமையும் நடந்தது. மலையிலிருந்து மழைத் தண்ணீர் வந்து குளத்தில் விழ ஒரு வாய்க்கால் இருந்தது. பன்றி குவித்த மண்ணில் அந்த வாய்க்காலின் வாய் அடைபட்டுப் போனது.

கோடை வந்தது. குளம் வற்றியது. நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. அந்தக் குட்டைக்குள் விராலும் அதன் குஞ்சுகளும். மிருகங்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போயின. குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது.

"கொடுத்ததெல்லாம் எங்கே போச்சு?" என்று புள்ளிமான் பேரவையில் போய்க் கத்தியது. பேரவைக்கு வேறு வழியில்லை. செலவு விசாரணைக் குழு ஒன்றைப் போட்டது. தலைவர் காட்டெருமை. உறுப்பினர் கரடி.

குழு முதலில் குளத்தைப் பார்வையிட வந்தது. வந்த குழு குளத்துக்குள் இறங்கியதா? இறங்குமா? கரைமேல் நின்றது. அங்கே பன்றி வாழைக் குருத்தும் வள்ளிக்கிழங்கும் பரப்பி விருந்து வைத்திருந்தது. அந்தக் கிழங்கு எந்தக் களஞ்சியத்துக் கிழங்கு என்று கரடி கேட்கவில்லை. அதன் வாய் நிறையக் கிழங்கு இருந்தது.

உடும்பு ஒரு மலைப்பாம்பைக் கூட்டி வந்தது. பாம்பின் வாலைக் கரையின் உச்சியில் வைத்தது. தலையை அடிமண்ணில் வைக்கச் சொன்னது. பாம்பு நீட்டிப் படுத்தது.

"பார்த்துக்கொள்ளுங்கள், தலைவர் அவர்களே! போன வருடம் அரைப் பாம்பு ஆழம். இப்போது முழுப் பாம்பு!"

"பலே! வேலை நடந்திருக்கு!" என்றது காட்டெருமை.

குட்டைக்குள்ளிருந்து விரால் கத்தியது. "ஐயா! கரையை உசத்திட்டு, அதையும் சேர்த்து ஆழம்னு காட்டுறாங்க! இங்கே இறங்கி வந்து பாருங்க!"

காட்டெருமை காதை ஆட்டியது. "குளத்துக்குள்ளிருந்து வரும் குரல் குறிப்பில் ஏறாது. சொல்ல வேண்டியதை விசாரணைப் பாறைக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும். அதுதான் விதி" என்றது. மீனைப் பார்த்துத்தான் சொன்னது! கேட்டீர்களா அநியாயத்தை!

விசாரணை நாள் வந்தது. மலைமேல் கருமேகம் திரண்டிருந்தது. விரால் அதைப் பார்த்தது. மழை வரப்போகிறது. வாய்க்கால் வாய் அடைபட்டுக் கிடந்தால் வரும் தண்ணீர் உள்ளே வராது. குட்டையோ இன்று மத்தியானம்வரை தாங்குமா என்பதே சந்தேகம். விரால் கொஞ்ச நேரம் தரையில் தாக்குப் பிடிக்கும். குஞ்சுகளுக்கு வெளியே மூச்சு விட இன்னும் தெரியாது.

"கண்ணுங்களா, நடுவிலேயே இருங்க. அம்மா போய் வாய்க்கால் வாயைத் திறக்கச் சொல்லிட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு விரால் கரையேறியது. துள்ளித் துள்ளி, முள்ளிலும் சருகிலும் உரசிக்கொண்டு, பாறைவரைக்கும் போனது.

அங்கே உடும்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆழம் கூடியதா?"

"கூடியது, தலைவர் அவர்களே."

கூட்டத்திலிருந்து புள்ளிமான் குறுக்கே வந்தது. "ஆழம் கூடிச்சுன்னா தண்ணி எங்கே?"

உடும்பு கழுத்தை நீட்டியது. "ஆழம் எங்கள் துறை. தண்ணீர் எங்கள் துறையில் வராது. அதை மேகத்திடம் கேட்கவும்!"

கரடி தலையாட்டியது. நியாயமான பதிலாம்! எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போதுதான் விரால் பாறைமேல் வந்து விழுந்தது. உடம்பெல்லாம் மண். "ஐயா, நேரில் வந்துட்டேன்! வேறெதுவும் வேண்டாம். வாய்க்கால் வாயை மட்டும் உடனே வெட்டிவிடச் சொல்லுங்க! மழை வரப்போகுது! என் குஞ்சுங்க சாகப்போகுது!"

"ஆட்சேபிக்கிறேன்!" என்றது உடும்பு. "மீன் காட்டு மிருகமா? நீரில் வாழ்வது காட்டில் சாட்சி சொல்லலாமா?"

"அது யோசிக்க வேண்டிய விஷயம்" என்றது காட்டெருமை. அதை யோசிக்கவே வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கடைசியில், சொல்லலாம் என்று முடிவானது.

"அப்போ வாய்க்கால் வாயைத் திறக்கச் சொல்லுங்க, ஐயா!"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு!" என்று அதட்டியது கரடி.

"இன்னும் யாரும் எதுவும் கேட்கலையே!"

"அப்படின்னா பதிலும் வேண்டாம், பேசாம இரு!"

அந்த நேரம் பார்த்துப் பன்றி பின்னாலிருந்து கனைத்தது. "ஐயா, சாப்பாடு தயார். ஆறிடும்."

காட்டெருமை எழுந்தது. "உணவு இடைவேளை!"

"ஐயா, ஐயா, ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க!" விரால் பாறையில் வாலை அடித்து அடித்துக் கெஞ்சியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புள்ளிமான் மட்டும் பக்கத்தில் வந்து நின்றது. "அக்கா, குளத்துக்குத் திரும்பிப் போயிடேன்!"

"போனா, வராத சாட்சின்னு எழுதிடுவாங்கம்மா. வாய்க்கால் வாயைத் திறக்க மாட்டாங்க."

மான் தன் நிழல் விராலின்மேல் விழும்படி நின்றது. நாக்கால் நக்கி நனைக்கப் பார்த்தது. அதன் நாக்கே வறண்டு கிடந்தது.

குழு தின்றது. தின்ற பிறகு ஒரு கண் அயர்ந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது விராலின் கண் மங்கியிருந்தது.

"சாட்சியே! உன் புகார் என்ன? சொல்!"

விரால் வாயைத் திறந்தது. மூடியது. திறந்தது. சத்தம் வரவில்லை.

காட்டெருமை சுற்றும்முற்றும் பார்த்தது. "சாட்சி பதில் அளிக்கவில்லை. எனவே புகார் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது!"

அட படுபாவிகளா! தொண்டை காயக் காயக் காக்கவைத்துவிட்டு, பேசவில்லை என்று எழுதுவதா?

அடுத்த நொடி இடி இடித்தது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மிருகங்களெல்லாம் குதித்தன. "மழை! மழை! குளம் நிறையப் போகுது!" என்று குளத்தைப் பார்த்து ஓடின. மழை பட்டதும் விராலுக்கு உயிர் வந்தது. ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு அதுவும் பின்னால் விரைந்தது.

மலைத் தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வந்தது. கரையில் வந்து முட்டியது. திரும்பியது. கரையைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து ஓடியது. அத்தனையும் ஓடியது! குளத்துக்குள் வானத்திலிருந்து நேராக விழுந்த மழை மட்டும்தான். அது வெடித்த சேற்றுக்கே போதவில்லை.

பன்றி கரைமேல் ஏறி நின்றது. "பார்த்தீங்களா ஐயா, என் வேலையை! கரை எவ்வளவு உறுதி! ஒரு சொட்டு உள்ளே போகுதா பாருங்க!"

"கரையை உடைங்க!" என்று அலறியது புள்ளிமான்.

"கூடாது!" என்று குறுக்கே படுத்தது உடும்பு. "கரையை உடைத்தால் ஆழம் குறைந்துவிடும்! குறிப்பில் முழுப் பாம்பு என்று ஏறிவிட்டது!"

எல்லா மிருகங்களும் காட்டெருமையைப் பார்த்தன. அது மழையில் நனைந்துகொண்டே தொண்டையைச் செருமியது. "கோரிக்கை பரிசீலிக்கப்படும். அடுத்த கூட்டத்தில்."

புள்ளிமான் அதற்குமேல் கேட்கவில்லை. உடும்பைத் தாண்டிப் பாய்ந்து குளம்பால் கரையைக் கொத்தியது. முயல்கள் தோண்டின. முள்ளம்பன்றி தோண்டியது. கூட்டமே மண்ணில் விழுந்து பிறாண்டியது. கரை உடைந்தது. ஆனால் நல்ல மழை போய்விட்டது. மிச்சத் தண்ணீர்தான் உள்ளே வந்தது. அதோடு விராலும் உள்ளே போனது.

விரால் நடுக்குளத்துக்குப் போனது. அங்கே தேடியது. ஓரத்தில் தேடியது. மறுபடி நடுவில் தேடியது. "கண்ணுங்களா! அம்மா வந்துட்டேன்!" என்றது. குட்டை மத்தியானமே வற்றியிருந்தது. குழு கண் அயர்ந்திருந்த நேரம் அது.

மறுநாள் குழுவிடமிருந்து ஓர் ஆணை வந்தது. என்ன ஆணை? பன்றியைப் பிடி என்றா? உடும்பைக் கேள் என்றா? அதுதான் இல்லை! பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய புள்ளிமான் உடனே விசாரணைப் பாறைக்கு வர வேண்டுமாம்!

மான் குளத்தில் நின்றபடி ஆணையைக் கேட்டது. "நான் வரமாட்டேன். விசாரிக்கணும்னா இங்கே வரச் சொல்லுங்க" என்றது. அன்றைக்குப் பாறைப் பக்கம் ஒரு முயல்குட்டிகூடப் போகவில்லை. கேட்க ஆளில்லாமல் குழு எவ்வளவு நேரம் உட்காரும்? காட்டெருமை உறுமிக்கொண்டு குளத்துக்கு வந்தது. கரடி பின்னால் வந்தது. பாம்பைக் கூட்டிக்கொண்டு உடும்பும் வந்தது. பன்றியும் வந்தது. வழக்கம்போல் கரைமேல் நிற்கப் பார்த்தன.

"அங்கே இல்லை!" என்று கூட்டம் கத்தியது. "உள்ளே இறங்குங்க!"

அத்தனை கண்களையும் பார்த்த காட்டெருமை மெல்ல இறங்கியது. நடுக்குளம்வரை நடந்தது. குளம்பு நனைந்தது. முழங்கால் நனையவில்லை.

"தலைவரே, முழுப் பாம்பு ஆழத்தில் நிக்கிறீங்க. மூழ்கிடாம பார்த்துக்குங்க!" என்றது புள்ளிமான். யாரும் சிரிக்கவில்லை. வாய்விட்டுச் சிரிக்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. மலைப்பாம்பு நழுவிப் புதருக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

அப்போது காட்டெருமையின் காலடியில் விரால் தலையைத் தூக்கியது.

"ஐயா, நேத்து நான் பதில் சொல்லலைன்னு எழுதினீங்களாமே. இப்போ தண்ணியில் இருக்கேன். நல்லா பேசுவேன். கேளுங்க."

காட்டெருமை வாயைத் திறந்தது. மூடியது. அதற்குக் கேள்வி வரவில்லை.

"சரி, நானே கேட்கிறேன். நீங்க சாப்பிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் என் குஞ்சுங்க காத்திருக்கணும்னு எந்த விதியில் இருக்கு?"

காட்டெருமை தலையைக் குனிந்துகொண்டு கரையேறியது. அதன் பின்னால் கரடி. அன்றோடு காட்டெருமையை யாரும் தலைவர் என்று அழைக்கவில்லை. பன்றியையும் உடும்பையும் கூட்டம் விடவில்லை. நடுக்குளத்தில் இறக்கி, மண்ணைத் தோண்டவைத்தது. அவை தோண்டும்போது விரால் ஓரமாய்க் கிடந்து பார்த்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு தோண்டி என்ன? அந்தக் குளத்தில் அந்த வருடம் குஞ்சு என்று ஒன்றுகூட நீந்தவில்லை.

ஊர்ப் பொருள் எங்கே போயிற்று என்று கேட்க வந்தவர்கள், தின்றவர்களின் பந்தியிலேயே உட்கார்ந்து நேரத்தைக் கடத்தினால், அந்தத் திருட்டில் அவர்களுக்கும் பாதிப் பங்கு உண்டு.